படிக்க வருகிறவர்கள் எங்கே உட்காருவது?

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் எங்கள் தெருவிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ ஒரு பெண் வந்து, "அக்கா, கும்பகோணத்துல நீங்க எங்க உக்காந்து படிச்சீங்க?" என்று கேட்பாள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாபநாசத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. இங்கிருந்து டவுனுக்குப் போய்ப் படித்துத்தான் நானும் வேலைக்கு வந்தேன். வீட்டில் ஏன் படிக்க முடியாது என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. நடவுக்கு ஆள் வந்தால் டீ போட்டுக் கொடுக்க வேண்டும், நெல் காயும்போது கோழி விரட்ட வேண்டும், பெண் பார்க்க வருகிறோம் என்று யாராவது போன் செய்தால் அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டும். டவுனுக்குப் போய்விட்டால் 'படிக்கப் போயிருக்கிறாள்' என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பதிலாவது இருக்கும்.

கேட்கிற ஒவ்வொருத்திக்கும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது. சாப்பாடு, டீ, உட்கார இடம் மூன்றையும் சொல்கிறேன். மூன்றில் சாப்பாடு சுலபம். டீயும் சுலபம். மூன்று மணி நேரம் யாரும் "எழுந்திரும்மா" என்று சொல்லாத ஒரு நாற்காலி கிடைப்பதுதான் பாடு. கோயிலும் குளமும் காபிக்கடையும் இவ்வளவு இருக்கிற ஊரில் அது மட்டும் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆறாத கேள்வி.

முதலில் சாப்பாடு. காலையில் வீட்டில் சாப்பிடாமல் ஓடிவருகிறவர்களுக்கு நான் சொல்வது இட்லியும் கடப்பாவும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவார்கள். சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. பருப்பும் கிழங்கும் சேர்ந்திருப்பதால் இரண்டு இட்லி சாப்பிட்டாலே ஒரு மணி வரைக்கும் தாங்கும். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போடமாட்டார்கள். சில இடங்களில் குறிப்பிட்ட கிழமையில்தான், அதுவும் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். எந்தக் கடையில் எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றித் தள்ளுவண்டிகள் இருக்கின்றன. லெமன், புளி, தக்காளி, தயிர் என்று நாலு அடுக்கு டப்பாவில் இருக்கும். நாற்பது ரூபாய்க்குள் ஒரு பொட்டலம், கூட ஒரு ஊறுகாயும் அப்பளமும். முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் மெஸ்களில் எண்பது, நூறு ஆகிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் சரி, தினமும் கட்டுப்படியாகாது. முழுச் சாப்பாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரசம், மோர் என்று மூன்று சுற்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் இரண்டு மணிக்குக் கண் சொருகும். படிக்கிற நாளில் அளவுச் சாப்பாடே நல்லது.

தஞ்சாவூருக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்துக்குப் போகிறவர்கள் அம்மா உணவகத்தை விட்டுவிடாதீர்கள். 2013-இல் சென்னையில் தொடங்கியபோது வைத்த விலைதான்: இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், நேரம் தவறினால் தீர்ந்துவிடும். ஆனால் பத்து ரூபாயில் சூடாக வயிறு நிறைகிற இடம் வேறெங்கே இருக்கிறது? பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வு வகுப்பும் இலவசம் என்பதைத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கோயில் அன்னதானத்தைச் சொன்னால் சில பெண்கள் முகம் சுருங்குகிறார்கள். "தெரிஞ்சவங்க பாத்தா என்னக்கா நெனைப்பாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-இல் வந்தது. உச்சிக்கால பூஜை முடிந்து பந்தி போடுவார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் வெளியூரிலிருந்து சாமி கும்பிட வந்தவராக இருப்பார், பூ விற்கிறவராக இருப்பார், யாராகவும் இருப்பார். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. சோறு போடுவதற்குப் பேர்போன பூமி இது. சாப்பிட வந்த பிள்ளை கூச்சப்பட அங்கே ஒன்றுமில்லை.

கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. மாதத்தில் 25 நாள் டவுனுக்கு வந்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். ஒரு பொட்டலம் புளிசாதம், அவ்வளவுதான். டீக்குக்கூட மிச்சம் இருக்காது. டிகிரி முடித்ததும் அதுவும் நின்றுவிடும். போட்டித் தேர்வுக்கு முழுமூச்சாகப் படிக்க உட்காருவது அதற்கு அப்புறம்தானே. அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு அப்பா அம்மாவிடம்தான் கை நீட்ட வேண்டும். அப்படி நீட்டுகிற கைக்குப் பத்து ரூபாயும் பெரிய காசு.

அதனால் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதுதான் எல்லாவற்றையும்விட மலிவு. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கொண்டுவந்த டப்பாவை எங்கே உட்கார்ந்து திறப்பது? நூலகத்துக்குள் சாப்பிடக் கூடாது. அது நியாயம், புத்தகத்துக்கு எறும்பு வரும். ஹோட்டலில் 'வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு. பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே நிற்பவர்கள் டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் படித்த காலத்தில் ஒரு நூலகத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே, ஒரு வேப்பமரமும் இரண்டு படியும் இருந்தன. பெண்கள் நாலைந்து பேர் அங்கேதான் சாப்பிடுவோம். டப்பாவை மூடியின் மேல் வைத்துக்கொண்டு, ஒருத்தி புளிசாதத்தை இன்னொருத்தி டப்பாவில் தள்ளிவிட்டு, அவளுடைய கத்தரிக்காய்க் கூட்டை அள்ளிக்கொள்வது. கை கழுவ பாட்டில் தண்ணீர், அதையும் பாதிதான் ஊற்றலாம்; மீதி சாயங்காலம் வரைக்கும் குடிக்க வேண்டுமே. மழைக்காலத்தில் அந்தப் படி நனைந்துவிடும். அப்போது நின்றுகொண்டே சாப்பிடுவோம்.

டீக்கடை பற்றி ஊரே பெருமையாகப் பேசும். டிகிரி காபி, பித்தளை டபரா டம்ளர் என்று நெடுஞ்சாலை முழுக்க போர்டு தொங்குகிறது. அதெல்லாம் காரில் போகிறவர்களுக்கு. படிக்கிறவர்களுக்கு டீக்கடைதான் கதி, அங்கேயும் பெஞ்ச் ஆண்களுடையது. பையன்கள் ஒரு டீ வாங்கிக்கொண்டு நடப்பு நிகழ்வுகளை ஒரு மணி நேரம் பேசுவார்கள். யார் எந்தத் துறைக்கு அமைச்சர், எந்தத் திட்டம் எந்த வருஷம் என்று ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். அது நல்ல படிப்புத்தான். ஒரு பெண் அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதே பேச்சைப் பேச முடியுமா? டீயைக் கையில் வாங்கி, ஓரமாக நின்று குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். பெண்கள் நடத்துகிற கடை என்றால் கொஞ்சம் வித்தியாசம். நான் வாடிக்கையாகப் போன கடையில் ஒரு அக்கா வடை போடுவார். "உள்ள வந்து உக்காரு பாப்பா, இங்க யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்று மாவு வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைத் தள்ளுவார். எண்ணெய்ப் புகையில் கண் எரியும். ஆனாலும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வரலாற்றில் பாதியை முடித்திருக்கிறேன். உங்கள் வழியிலும் அப்படி ஒரு கடை இருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள்.

கோயில் மண்டபமும் குளத்துப் படிக்கட்டும் காலை நேரத்துக்கு நல்ல இடங்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி இருக்கும் பதினாறு மண்டபங்களில் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்யலாம், திருக்குறள் ஒப்பிக்கலாம். காவிரிப் படித்துறைகளிலும் அப்படித்தான். ஆனால் எழுதிப் பார்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும் என்றால் மேசை இல்லாமல் முதுகு விட்டுப்போகும். கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். வெளியே வெயில். அப்புறம் முக்கியமான ஒன்று, கழிப்பறை. ஆண்கள் எழுதும் பட்டியல்களில் இது வருவதே இல்லை. ஒரு பெண் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது இதுதான். தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தி, சிறுநீர்த் தொற்று வந்து, தேர்வுக்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த தோழி எனக்கு உண்டு. கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லாப் பெண்களிடமும் சொல்கிறேன்.

படிக்கிற பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து தங்குவதும் சாப்பிடுவதும் கும்பகோணத்துக்குப் புதிதில்லை. காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரி 1854-இல் பள்ளியாக ஆரம்பித்தது. அதில் படிக்க எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் ஊருக்குள் வீடுகளில் தங்கினார்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீட்டிலும் அப்படி மாணவர்கள் தங்கியிருந்தார்கள். குடும்பத்துக்கு அதில் ஒரு வருமானம். கல்லூரி மாணவர்கள் இரண்டு பேருக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் பதினோரு வயதுப் பையன் ராமானுஜன் கேட்டுத் தீர்த்துவிட்டு, அப்புறம் அவர்கள் வழியாகக் கல்லூரிப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தான். மேதை எங்கிருந்தாலும் மேதைதான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் புத்தகம் வைத்திருந்த இரண்டு பேர் சாப்பிடவும் தூங்கவும் அந்த வீட்டில் இடம் இருந்ததால்தான் புத்தகம் அந்தப் பையன் கைக்கு வந்தது. இடம் கொடுப்பதை நான் சின்ன விஷயமாகவே நினைப்பதில்லை.

சரி, நூலகத்துக்கு வருவோம். தஞ்சாவூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. ஊர்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் உண்டு. கிளை நூலகத்துக்கு வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீணாகப் பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. சரசுவதி மகால் நூலகத்தை எல்லோரும் ஒரு முறையாவது பாருங்கள். ஆனால் சுவடியும் பழம் பதிப்பும் தேடி வரும் ஆராய்ச்சியாளர்களின் இடம் அது, குரூப் 4 கைடை விரித்துவைக்க ஏற்றதில்லை.

நூலகங்களில் எனக்கு நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். "சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கக் கூடாதும்மா, இங்க இருக்கற புத்தகத்தைப் படிக்கறதா இருந்தா உக்காரு" என்றார் பொறுப்பில் இருந்தவர். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இருப்பது பத்து நாற்காலி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே பிடித்துவிட்டால் பேப்பர் படிக்க வரும் பெரியவர் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் நூலகத்தில் இருந்த பொது அறிவுப் புத்தகம் பழைய பாடத்திட்டத்துக்கு உரியது. அதை மேசையில் விரித்துவைத்து, அடியில் என் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன். இப்போது பல நூலகங்களில் போட்டித் தேர்வுக்கென்று தனிப் பிரிவே வந்துவிட்டது. நகராட்சி நிர்வாகத் துறை கட்டிய அறிவுசார் மையங்களையும் 2024-இல் பல ஊர்களில் திறந்தார்கள். நல்ல மேசை, வெளிச்சம், இணையம். பக்கத்தில் இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும். தனியார் ஸ்டடி ஹாலுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரைக்கும் கேட்கிறார்கள். ஏசியும் தடுப்பு வைத்த மேசையும் கிடைக்கும். புதுமைப் பெண் பணம் முழுவதும் நாற்காலிக்கே போய்விடும்.

இதே டெல்டாவில் பிறந்தவர்தான் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில். 1931-இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதே 1931-இல் மன்னார்குடி பக்கத்தில் மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துச் சுற்று வட்டார கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார். வண்டியைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். படிக்க வர முடியாதவர்களின் வாசலுக்கே புத்தகம் போன ஊர் இது. தொண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் நாங்கள் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நாற்காலி தேடி அலைகிறோம். புத்தகத்தைப் பயன்படுத்த மேசையும் மின்விசிறியும் வேண்டும் என்பது அந்த முதல் விதிக்குள்ளேயே இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன்.

போக்குவரத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு அடுத்து வந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதை நேரில் பார்க்கிறேன். முன்பெல்லாம் பஸ் காசை எண்ணி, வாரத்தில் மூன்று நாள் போதும் என்று வீட்டில் முடிவு செய்வார்கள். இப்போது தினமும் போகிறார்கள். பையன்களுக்கு மயிலாடுதுறை பாசஞ்சர் இருக்கிறது. பாபநாசத்தில் ஏறினால் பத்து ரூபாய், பாதிப் பெட்டி காலியாக இருந்தால் வண்டியிலேயே ஒரு பாடம் முடியும். ஆனால் பஸ் இலவசமாகிவிட்டதால் கூட்டம் டவுனுக்கு வருகிறது, நாற்காலி எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒன்பதரைக்கு வருகிறவளுக்கு இடம் இல்லை. எட்டு மணிக்கே வர வேண்டுமென்றால் வீட்டு வேலையை யார் செய்வது?

ஆகவே நான் இப்போது கேட்கிற பெண்களிடம் இடங்களின் பட்டியலோடு ஒரு வேலையும் சேர்த்துச் சொல்கிறேன். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள், ரூபாய்க்குப் பத்து காசு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாக அச்சிட்டிருக்கும். கூரை வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். நூலகத்தில் நீங்கள் உட்காரும் நாற்காலி யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை, உங்கள் அப்பா கட்டிய காசு. கிராமசபை கூடும் நாளில் அந்த ரசீதோடு போங்கள். நம் ஊராட்சியிலிருந்து போன வருஷம் எவ்வளவு நூலக வரி போனது என்று கேளுங்கள். நம் ஊர்ப்புற நூலகம் ஏன் சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை எப்போது வரும், டப்பாவைத் திறந்து சாப்பிட ஒரு திண்ணையும் தண்ணீர்க் குழாயும் போட்டுத் தருவீர்களா என்று கேட்டு, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூட்ட நாட்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான். எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.